இரண்டாவது வரி

பையை என் காலடியிலேயே வையுங்கள் சார், எனக்கு ஒன்றும் இடைஞ்சல் இல்லை. வண்டி இப்போதைக்கு நகராது. முன்னால் ஒரு மர லாரி வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நிற்கிறதாம். கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பீடி பற்ற வைத்துவிட்டார். அவர் பீடி பற்ற வைத்தால் நேரமாகும் என்று அர்த்தம். இந்த வழியில் நாற்பது வளைவு. எந்த வளைவில் நின்றாலும் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

நான் கோயம்புத்தூர் வரைக்கும். சும்மா ஒரு டாக்டரைப் பார்க்கத்தான். திங்கட்கிழமை திரும்பிவிடுவேன். அதோ முன் சீட்டில் மஞ்சள் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அது என் மகள் கிரேஸ். அங்கே பாங்க்கில் வேலை. பக்கத்தில் தூங்குகிறவர் மருமகன், ஜெயசிங். கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறார். கடைசி சீட்டுக்குப் பின்னால் இரண்டு டிரங்குப் பெட்டி, மடக்குக் கட்டில், போர்வையில் சுற்றிய ஒரு சட்டம், நீங்கள்கூட ஏறும்போது காலில் இடித்துக்கொண்டீர்களே, எல்லாம் எங்களுடையதுதான். சட்டத்தில் இருப்பது எங்கள் கல்யாணப் போட்டோ. இரண்டு நாளைக்கு அது எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை. மழை ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும் என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். வீட்டுச் சாவியையும் எஸ்டேட் மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். பத்திரமாக இருக்கட்டுமே என்று.

டாக்டர் எதற்கா? சொன்னால் சிரிப்பீர்கள். இருமலுக்கு.

நெஞ்சிருமல் இல்லை சார். எனக்கு நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. எங்கள் குவார்ட்டர்ஸில் குளியலறைக் கதவு மழையில் ஊதிப்போய்விடும். வால்பாறை மழை தெரியுமல்லவா? மரம் ஊதினால் தாழ்ப்பாள் அதன் ஓட்டைக்குள் போகாது. கார்ப்பென்டர் வந்து சீவிவிட்டுப் போவார். வெயில் வந்தால் கதவு சுருங்கி ஆடும். அடுத்த மழையில் மறுபடி ஊதும். கடைசியில் நாங்கள் தாழ்ப்பாளையே மறந்துவிட்டோம். நானும் என் சம்சாரம் எஸ்தரும். வெளியே நின்று ஒரு தடவை இருமுவோம். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்கு ஒரு இருமல் வரும். வந்தால் நிற்போம். வராவிட்டால் போவோம். இதுதான் எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள்.

போன ஐப்பசியில் எஸ்தர் தவறிப்போனாள். காய்ச்சல் என்றுதான் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சரி, அதை விடுங்கள்.

போன வாரம் கிரேஸ் வந்திருந்தாள். காலையில் நான் துண்டும் கையுமாக நின்று இருமியதைப் பார்த்திருக்கிறாள்.

"யாருக்குப்பா இருமுறீங்க?"

"யாருக்கும் இல்லம்மா. பழக்கம்."

"உள்ளதான் யாரும் இல்லையே."

"அதான் பதில் வரலேன்னு உள்ள போறேன்."

நான் சரியாகத்தானே சொன்னேன்? அவள் சமையலறைக்குப் போய் அழுதாள். பிறகு வெளியே நின்று யார் யாருக்கோ போன் போட்டாள். நேற்று மருமகனும் வந்துவிட்டார். இன்று பஸ்.

இதில் ஒரு கெடுதலும் இல்லை சார். அதை என்னால் நிரூபிக்கவே முடியும். பாக்டரியில் ஒரு மெஷின் இருக்கிறது. அதன் கதையைக் கேட்டால் உங்களுக்கே விளங்கும். டாக்டரிடமும் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் முதலில் தேயிலை பாக்டரியில் எலக்ட்ரீஷியன். பத்தாம் வகுப்புதான். கம்ப்யூட்டரெல்லாம் அந்த மெஷினோடு வந்து சேர்ந்தது. தூளிலிருந்து குச்சியைப் பிரிக்கிற மெஷின். முன்பெல்லாம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் பொறுக்குவார்கள். இதில் தூள் மேலிருந்து அருவி மாதிரி கொட்டும். கேமரா பார்க்கும். குச்சி விழுந்தால் புஸ்ஸென்று காற்று அடித்து அந்தப் பக்கம் தள்ளிவிடும். தூள் இந்தப் பக்கம், குச்சி அந்தப் பக்கம். இதற்கெல்லாம் மூளை ஒரு கம்ப்யூட்டர். சாதாரண கம்ப்யூட்டர் இல்லை, இரண்டு பிராசஸர் வைத்தது. வேலையை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும்.

அதில் கெர்னல் என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் எழுந்ததும் முதலில் வந்து உட்கார்கிற நிரல் அதுதான். பிறகு நாம் டிரைவரை ஏற்ற வேண்டும். டிரைவர் என்றால் கேமராவோடு பேசத் தெரிந்த ஒரு சின்ன நிரல். அது எல்லாவற்றையும் தானே செய்யாது. கெர்னலைப் பேர் சொல்லிக் கூப்பிடும். இடம் கொடு என்பதற்கு ஒரு பேர், எழுதிக்கொள் என்பதற்கு ஒரு பேர், பூட்டு என்பதற்கு ஒரு பேர். கூப்பிட்ட பேருக்கு ஆள் இருந்தால் ஏறிக்கொள்ளும். இல்லையென்றால் திரையில் அன்ரிசால்வ்டு சிம்பல் என்று போட்டு, எந்தப் பேருக்கு ஆள் இல்லையோ அந்தப் பேரையும் எழுதிவிட்டு நின்றுவிடும். எங்களுடையதில் இரண்டு டிரைவர். முதலில், கேமராவின் கம்பி வந்து சேர்கிற கார்டுக்கானது, அதன் மேல் கேமராவுக்கானது. மாற்றி ஏற்றினால் கேமரா டிரைவர் கார்டைக் கூப்பிடும், கார்டு இன்னும் வந்திருக்காது, நாலைந்து பேர் அப்படியே நிற்கும். வரிசைப்படி ஏற்றினால் சரியாகிவிடும். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மெஷினோடு வந்த புத்தகத்தை டிக்ஷனரி வைத்துக்கொண்டு படித்தேன்.

எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. எஸ்டேட்டில் வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆனால் இந்த மெஷினை எனக்குத்தான் தெரியும் என்று மேனேஜர் என்னை வைத்துக்கொண்டார். வீடும் இருந்தது. எஸ்தர் எஸ்டேட் பிள்ளைகள் காப்பகத்தில் ஆயா. அந்த வாண்டுகளை விட்டுவிட்டுக் கீழே வரமாட்டாள்.

அப்புறம் ஒரு ஆனி மாதம். கொழுந்து மலைபோல வந்து குவிகிற சமயம். ஒரு பிராசஸரின் மேல் இருந்த சின்ன விசிறி தூள் அடைத்து நின்று, அந்தப் பிராசஸர் வெந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து முபாரக் என்று ஒரு சர்வீஸ்காரர் வந்தார். நல்ல மனிதர். வெந்ததைப் பிடுங்கிப் போட்டார். அதே மாதிரி இன்னொன்று எங்கேயும் கிடைக்காது என்றார்.

கம்ப்யூட்டர் எழும்போது திரையில் இரண்டு வரி வரும். முதல் வரி ஒற்றைப் பிராசஸருக்கான கெர்னல். இரண்டாவது வரி இரட்டைக்கானது. அதுவரை இரண்டாவதுதான் தானாக ஏறும்படி இருந்தது. முபாரக் அதை முதல் வரிக்கு மாற்றினார்.

"ஒண்ணுதான் இருக்குன்னா ஒண்ணுக்கானதைப் போடறதுதானே முறை, ஞானமுத்து?" என்றார்.

முறைதான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

டிரைவரை ஏற்றினேன். திரை முழுக்க அன்ரிசால்வ்டு சிம்பல். நாலைந்து பேர் இல்லை சார், ஒரு பக்கம் முழுக்க. கார்டு டிரைவரே ஏறவில்லை. வரிசையை மாற்றிப் பார்த்தேன். அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அது ஒவ்வொரு பேராகக் கூப்பிடுகிறது, ஒரு பேருக்கும் ஆள் இல்லை. எனக்கு என்ன குழப்பம் என்றால், அந்தப் பேர்களெல்லாம் கெர்னலுக்குள் இருக்கின்றன. நான் கெர்னலின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன், இருக்கின்றன. ஆள் வீட்டில் இருக்கிறார், கூப்பிட்டால் திரும்பமாட்டேன் என்கிறார்.

முபாரக் பொறுமை இழந்து வலுக்கட்டாயமாக ஏற்றினார். அப்படி ஒரு வழியும் உண்டு. பேர் சரியாக இல்லாவிட்டாலும் ஏறு என்று தள்ளுவது. ஏறியது. ஏறின வேகத்தில் கம்ப்யூட்டர் உறைந்துபோய், காற்று எல்லாக் குழாயிலும் திறந்தபடியே நின்றுவிட்டது. தூளும் குச்சியும் சேர்ந்து அந்தப் பக்கமே பறந்தது. மேனேஜர் வந்து நின்றார், தலையெல்லாம் தூள்.

"என்னய்யா ஞானமுத்து, நல்ல தூளைப் பூரா குப்பையில தள்றீங்க?"

மெஷினை ஓட்டுகிற செல்வராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முபாரக் மூட்டையைக் கட்டிக்கொண்டார். டிரைவரைச் செய்த கம்பெனி மூடிவிட்டது, அவர்கள் எழுதிய மூல நிரல் இருந்தால்தான் டிரைவரைப் புதிதாகச் செய்யலாம், இல்லாவிட்டால் மெஷினை மறந்துவிடு என்றார்.

மேனேஜர் மாலையில் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. "மெஷின் ஓடலேன்னா உங்களை வச்சுக்க எனக்குக் காரணம் இல்ல, ஞானமுத்து. இந்த மாசம் பூரா பாருங்க" என்றார். அதன் அர்த்தம் வீடு. நான் வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் அன்றைக்கே தோட்டத்தில் பீன்ஸ் விதை ஊன்றுவதை நிறுத்திவிட்டாள். எப்படித் தெரிந்ததோ.

அந்த மாதம் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. இதே பஸ்தான் சார், இதே வளைவு. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. பாக்டரியில் பழையபடி பெண்கள் உட்கார்ந்து குச்சி பொறுக்கினார்கள். நான் அந்தப் பக்கம் போனாலே, "அண்ணே, உங்க மெஷினு எழுந்திரிச்சிருச்சா, இன்னும் தூங்குதா?" என்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டோம். நான் இரண்டு தாளை மேஜையில் விரித்தேன். ஒன்று டிரைவர் கூப்பிட்ட பேர்கள், இன்னொன்று கெர்னலில் இருக்கிற பேர்கள். ஒவ்வொரு பேருக்கும் பின்னால் வால் மாதிரி எழுத்தும் எண்ணும் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணெல்லாம் எரிந்தது. எஸ்தர் தானாக எதிரே வந்து உட்கார்ந்து ஒரு தாளை இழுத்துக்கொண்டாள்.

"நான் வாசிக்கிறேன். நீங்க உங்க தாள்ல இருக்கான்னு சொல்லுங்க."

அவளுக்கு அர்த்தம் தெரியாது, எழுத்துத் தெரியும். காப்பகத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வது மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். நான் இருக்கு, இருக்கு என்றேன். பத்துப் பேர் போயிருக்கும். அவள் தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

"எல்லாத்துக்கும் எஸ் எம் பி, எஸ் எம் பின்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அதை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் சொல்லட்டா?"

"எந்த எஸ் எம் பி?"

"வால்ல இருக்கே. நான் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்."

"எல்லாத்துலயும் இருக்கா?"

"உங்க தாள்ல இல்லையா?"

இல்லை சார். என் தாளில் ஒன்றில்கூட இல்லை. நான் பேரின் தலையை மட்டும் பார்த்துவிட்டு இருக்கு, இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் என்னைப் பார்த்து, "இத்தனை நேரம் எதைக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்கிற கேள்விதான் அது.

புத்தகத்தைப் புரட்டினேன். அந்த மூன்று எழுத்து, இரட்டைப் பிராசஸருக்கான அடையாளம். எங்கள் டிரைவர் இரட்டைக்காகவே கட்டப்பட்டது. அது இரட்டையின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடும். ஒற்றைக் கெர்னலில் அதே ஆட்கள்தான் இருக்கிறார்கள், ஆனால் அந்தப் பேரில் இல்லை. டிரைவரை மாற்ற வழியில்லை. அப்படியானால் கெர்னல்தான் மாற வேண்டும். ஒரே ஒரு பிராசஸர் இருக்கிற மெஷினில் இரட்டைக்கான கெர்னல் ஓடுமா? எனக்குப் பயம். திங்கட்கிழமை கம்ப்யூட்டரை எழுப்பி, இரண்டு வரி வந்ததும் கீழ் அம்புக்குறியை ஒரு தட்டு. இரண்டாவது வரி. என்டர். எழுந்தது. கார்டு டிரைவர் ஏறியது. கேமரா டிரைவர் ஏறியது. திரை சுத்தமாக இருந்தது. ஒரு வார்த்தை புகார் இல்லை. செல்வராணி தூளைத் திறந்துவிட்டாள். தூள் இந்தப் பக்கம், குச்சி அந்தப் பக்கம்.

முபாரக்குக்கு போன் பண்ணி, இது சரியா, கெடுதல் ஏதும் வராதே என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், இதுதான் முக்கியம்.

"ஓடும் ஞானமுத்து. ஆனா கொஞ்சம் வீண் வேலை. அது இன்னும் ரெண்டு பேர் இருக்கிறதா நெனச்சுத்தான் ஓடும். எதையாவது எடுக்கணும்னா, இன்னொருத்தன் உள்ள இருக்கானான்னு பார்த்து, பூட்டி, வேலையை முடிச்சு, திறந்துவிடும். இன்னொருத்தன்தான் இல்லையே. இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் பார்க்கும். ஒண்ணும் கெட்டுப்போகாது."

பார்த்தீர்களா? ஒன்றும் கெட்டுப்போகாது. அந்த மெஷின் இத்தனை வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது. ஒரு நாள் உறைந்ததில்லை. ஒற்றைக்கானதைப் போட்டபோதுதான் உறைந்தது. இதை நான் கிரேஸிடம் சொன்னேன். "அப்பா, நீங்க மெஷினா?" என்றாள். நான் மெஷின் என்று எங்கே சொன்னேன்?

டிரைவர் இரண்டும் வரிசைப்படி தானாக ஏறும்படி எழுதிவைத்துவிட்டேன். அப்புறம் ஒரு சின்ன விஷயம் பாக்கி. கம்ப்யூட்டர் எழும்போது தானாக ஏறுவது முதல் வரிதான். முபாரக் மாற்றியது அப்படியே இருந்தது. யாராவது பக்கத்தில் நின்று அம்புக்குறியைத் தட்டினால்தான் இரண்டாவது. அதைத் தானாக ஏறவைக்க ஒரு பைலில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். நான் மாற்றத்தான் இருந்தேன். வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னேன்.

எஸ்தர் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அதை மாத்திட்டா அப்புறம் நீங்க எதுக்கு?" என்றாள். கோபமாக இல்லை, சாதாரணமாக. "அப்படியே இருக்கட்டும்" என்றாள். மறுநாள் பீன்ஸ் ஊன்றினாள்.

அவள் கெட்டிக்காரி சார்.

அதனால் அப்படியே இருந்தது. ஆனால் வால்பாறையில் கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? கம்ப்யூட்டருக்கு ஒரு யூபிஎஸ் இருந்தது, அதன் பேட்டரி வீங்கிவிட்டது. கரண்டு போய் வந்தால் நான் ஓட வேண்டும். மழையில் குடையோடு ஓட வேண்டும். கிரேஸ் கல்யாணம் கோயம்புத்தூரில். தாலி கட்டியதும் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். பேத்தி ஞானஸ்நானத்துக்குப் போகவே இல்லை. எஸ்தர் மட்டும் போய்விட்டு வந்து பொட்டலத்தில் கேக் கொண்டுவந்தாள். வேளாங்கண்ணி, வேளாங்கண்ணி என்று சொல்லிக்கொண்டிருந்தாள், அதுவும் நடக்கவில்லை. அந்த மெஷின் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது சார். ஒரு நாள் நிம்மதியாக மலையை விட்டு இறங்கவிட்டதில்லை. செல்வராணி, "நானே அந்தப் பட்டனைத் தட்டுறேனேண்ணே, இதுக்கு எதுக்கு நனைஞ்சுக்கிட்டு வர்றீங்க?" என்பாள். நீ தொடாதே, நான் வந்துகொண்டே இருக்கிறேன் என்பேன். அவள் மாற்றித் தட்டிவிட்டால்?

இப்போது புது டிரான்ஸ்பார்மர் போட்டுவிட்டார்கள். கரண்டு முன்னைப்போல அடிக்கடி போவதில்லை. அதுவும் ஒரு கஷ்டம்தான். போகாவிட்டாலும் நான் காலையில் ஒரு எட்டு, சாயங்காலம் ஒரு எட்டு போய் நின்றுவிட்டு வருவேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது?

இந்த இரண்டு நாளைக்குத்தான் மனது அடித்துக்கொள்கிறது. இன்றைக்குப் பார்த்துக் கரண்டு போனால் மெஷின் முதல் வரியில் போய் உட்கார்ந்துவிடும். மேனேஜரிடம் சொன்னேன். "பார்த்துக்கலாம், நீங்க நிம்மதியா போங்க" என்றார். கையைப் பிடித்துக் குலுக்கினார், ஒரு சால்வைகூடப் போர்த்தினார். கிரேஸ் போர்த்தியிருக்கிறாளே, அதுதான். டாக்டரைப் பார்க்கப் போகிறவனுக்கு எதற்குச் சால்வை? பெரிய மனசு.

ஒரு நிமிஷம் சார், போன். இந்த வளைவில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும்.

சொல்லு செல்வராணி. கொஞ்சம் சத்தமாப் பேசு. எப்போ? எவ்வளவு நேரம் போச்சு? நீ எதையும் தொடாதே. நான் இங்கேதான் வளைவில நிக்கிறேன், மேலே போற வண்டி ஏதாவது... என்னது? தானாவா? தானா எப்படி ஏறும்?

யாரு?

நேத்தா?

சரி. சரிம்மா. நான் ஒண்ணும் சொல்லல. நல்லதுதான். நீ ஏன் அழுவுற? செல்வராணி, ஒண்ணு மட்டும் சொல்லு. எந்த வரி? முதல் வரியை வச்சிடலையே? நல்லாப் பாரு, திரையில புகார் ஏதாவது... ரெண்டாவதுதானா. தூள் இந்தப் பக்கம் வருதா? சரி. வை.

இல்லை சார், எழுந்திருக்க வேண்டாம். நான் இறங்கவில்லை. உட்காருங்கள்.

நேற்று மருமகன், மேனேஜருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று பாக்டரிக்குப் போனார். வணக்கம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல்தான் மாற்ற வேண்டும். கம்ப்யூட்டர் படித்தவருக்கு அது ஒரு வேலையே இல்லை. நல்லவேளை, இரண்டாவதை வைத்திருக்கிறார். விஷயம் தெரிந்தவர். ஒற்றைக்கானதை வைத்திருந்தால் ஒரு பக்கம் முழுக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நின்றிருக்கும்.

கிரேஸ் திரும்பிப் பார்க்கவில்லை, பாருங்கள். போன் பேசினது அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் காது எஸ்தர் காது. திரும்பினால் நான் ஏதாவது கேட்பேன் என்று இருக்கிறாள். நான் என்ன கேட்கப்போகிறேன்? கட்டிலைப் பற்றியா, சாவியைப் பற்றியா?

லாரி நகர்ந்துவிட்டது போல. கண்டக்டர் பீடியைப் போட்டு மிதிக்கிறார்.

அவள் பிளாட் நான்காவது மாடி. இரண்டு குளியலறை. எனக்கு ஒன்று தனியாக. கதவெல்லாம் பிளாஸ்டிக், மழையில் ஊதாது, உள்ளே நல்ல தாழ்ப்பாள் இருக்கிறது, அங்கே இருமத் தேவையில்லைப்பா என்று சொன்னாள். நல்லதுதான். ஆனால் தாழ்ப்பாள் இருந்தால் கதவைத் தள்ளினாலே தெரிந்துவிடும் சார். திறந்தால் உள்ளே யாரும் இல்லை, அவ்வளவுதான். இருமினால் அப்படி இல்லை. இருமிவிட்டுப் பதில் வருகிறதா என்று கொஞ்ச நேரம் நிற்கலாம்.

வண்டியை எடுத்துவிட்டார். கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள் சார், இறக்கம்.